நாக்குக்குக் கீழே பார்த்தவர்

என் இருமலை எனக்கு முன்பே கவனித்தவர் ஒரு லொறிச் சாரதி. மருதமுனையில் கைத்தறிச் சாரம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவன். மன்னம்பிட்டி தாண்டியதும் அவர் லொறியை ஓரங்கட்டினார். இறங்கி எஞ்சினைத் திறந்தார், குனிந்து காது வைத்துக் கேட்டார், மூடிவிட்டு ஏறி வந்தார்.

"வண்டியில பிழை இல்ல. சத்தம் உன்ட நெஞ்சுக்குள்ள இருந்துதான் வருது" என்றார்.

ஒன்றரை மாதமாக இருமிக்கொண்டிருந்தேன். தூசு என்று சொன்னேன், ஐஸ் தண்ணீர் என்று சொன்னேன். பின்னேரமானால் காய்ச்சல் வந்தது. சாரத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்கவில்லை. திரும்பி வரும் வழியில் துப்பிய சளியில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று ஓடியது. வெற்றிலைச் சாறு என்று சொல்லப் பார்த்தேன். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை என்பது சாரதிக்குத் தெரியும். கல்முனையில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் லொறியை எடுத்துவிட்டார். லொறியின் இரண்டு பக்க யன்னல் கண்ணாடிகளும் முழுதாய் இறக்கப்பட்டிருந்தன.

இதை வாசிக்கிறவர்களில் சிலரின் கையில் இப்போது எனக்குத் தந்த மாதிரி ஒரு சிகிச்சை அட்டை இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அவர்களும் எங்கள் ஆட்கள்தான்.

நெஞ்சு நோய்க்குத் தனியான கிளினிக் ஒன்று இருக்கிறது. இருமுகிறவர்களை உள்ளே நெருக்கி வைக்காமல் வெளியே மரத்துக்குக் கீழே நீள வாங்கு போட்டு இருத்துவார்கள். அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை வைத்துவிட்டு, படகிலும் லொறியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராய்த் திரிந்தவன். நாற்பத்தாறு வயதுவரை ஓர் இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

சளிப் பரிசோதனை (நெஞ்சின் அடியிலிருந்து வரும் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிக் கிருமி தேடுவது) செய்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வலது பக்க மேல் மூலை, மாரியில் ஒழுகிய சுவர் மாதிரித் தெரிந்தது. இளம் பெண் டொக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, "காசநோய். சுகமாக்கலாம். யார் கூட வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல டொக்டர். நான் தனி ஆள்."

"வீட்டில யாரோட இருக்கிறீங்க?"

"கூட இருந்தாலும் இல்லாட்டியும், மனிசன் எல்லாரும் உள்ளுக்குத் தனி ஆள்தானே டொக்டர்."

அந்தக் காலத்தில் நான் இப்படியெல்லாம் சொல்லுவேன். தேத்தண்ணீர்க் கடைகளில் இதைக் கேட்டுச் சிலர் தலையாட்டியிருக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் எனக்கு ரொட்டிகூட வாங்கித் தந்தார். டொக்டர் தலையாட்டவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்:

"இந்த வருத்தம் தனி ஆளுக்கு வராது. யாரோ இருமின காத்தை நீங்க இழுத்திருக்கிறீங்க. நீங்க இருமினதை யாரோ இழுத்திருப்பாங்க. அவங்கட பேரையெல்லாம் வெளியில மிஸ்ஸிட்டச் சொல்லுங்க."

வெளியே மேசையில் இருந்த தாதி மிஸ் ஒரு படிவத்தை எடுத்தார். கடந்த சில மாதங்களில் என்னோடு ஒரே அறையில் தூங்கியவர்கள், ஒரே வண்டியில் நெடுந்தூரம் போனவர்கள், எல்லோரும் வேண்டும். அவர்களையும் பரிசோதிக்க வேண்டுமாம். ஒருவரும் இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு லொறிச் சாரதியைச் சொன்னேன். ஒலுவிலில் மீன்காரர்களோடு ஓர் அறையில் இருந்ததைச் சொன்னேன், ஐந்து பேர். அதில் ஒருவனின் பெயர் தெரியாது, எல்லோரும் 'கோழி' என்று கூப்பிடுவோம். மருதமுனையில் தறி வீட்டு மால் என்கிற கொட்டில், அங்கே கூடப் படுத்தவர்கள். பாண்டிருப்பில் மழைக்கு ஒதுங்கி இரண்டு கிழமை தங்கிய சலூன், அதன் முதலாளி, முதலாளியின் மாமனார். மிஸ் தாளைத் திருப்பினார். பிறகு இரண்டாவது தாளை எடுத்தார்.

"தனி ஆள் எண்டு உள்ளுக்குச் சொன்னது நீங்கதானே?"

"அது பொதுவாச் சொன்ன, மிஸ்."

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அதன் பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது, சாவதற்குக்கூட வழி இருக்கிறது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் மாத்திரையை என் கையில் தரமாட்டார்கள். நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை (நோயாளி விழுங்குவதை இன்னொருவர் கண்ணால் பார்த்து அட்டையில் கையொப்பம் வைப்பது) என்று அதற்குப் பெயர். விழுங்குவதற்கு நான் ஒருவன் போதும். ஆனால் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒரு விலாசமும் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். உம்மாவின் வீடு என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குப் போனது. கல்யாணம் முடித்த ஆணுக்கு மனைவியின் வீடு. முடிக்காத ஆணுக்கு வீதி. ஆகவே கல்முனைக்குடியில் ராத்தாவின் வீட்டுக்குப் போய் நின்றேன். அங்கே மச்சான் இருந்தார். ராத்தாவின் கணவர் இஸ்மாலெப்பை. எங்கள் இருவருக்கும் பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை.

காரணம் யானை.

மச்சான் இறக்காமத்தில் வயல் செய்கிறவர். பதினொரு வருடத்துக்கு முன், கதிர் முற்றிய நேரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பரணில் (மரத்தில் கட்டிய காவல் குடில்) இரண்டு கிழமை காவல் இருக்கச் சொல்லி என்னை அனுப்பினார். பரண் காவலில் ஒருவன் கூவினால் அடுத்த வயல் பரணில் இருப்பவன் பதிலுக்குக் கூவ வேண்டும். அப்படியே வரிசையாய்ப் போகும். மூன்று நாள் கூவினேன். நான்காம் நாள் புத்தளத்துக்கு ஒரு லொறி போகிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த வயல்காரன் கூவி, பதில் வராமல், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். யானைகள் அப்படி நினைக்கவில்லை. நெல்லைத் தின்று, மிச்சத்தை மிதித்து, பரணையும் சாய்த்துவிட்டுப் போயின.

நான் அதில் இருந்திருந்தால் செத்திருப்பேனே என்று ராத்தாவிடம் வாதாடினேன்.

"நீ இரிந்திருந்தாக் கத்தியிருப்பாய். கத்தியிருந்தா ஆன வந்திருக்காது" என்றார் மச்சான். அவர் என்னோடு நேரே பேசிய கடைசி வார்த்தை அது.

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். நேரம் தவறாத, கையொப்பம் வைக்கத் தெரிந்த, நோயாளியின் பேச்சில் மயங்காத ஓர் ஆள் வேண்டும் என்றார். ராத்தா காலையில் கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவள். அந்த நேரத்தில் அவளுக்குக் கை இல்லை. அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் கூரையைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இது என்ட வூடு" என்றாள் ராத்தா. "ரெண்டு ஆம்பிளைகளுக்கும் இதுல ஒரு கதவு சொந்தமில்ல. ஆதம்பாவா, நீ வாயத் துற. நீங்க உள்ளுக்குப் பாருங்க. கதைக்கச் சொல்லி ஆர் கேட்ட?"

இப்படித்தான் ஆரம்பமானது. காலை ஆறேகாலுக்கு மச்சான் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்து, அலுமாரியைத் திறந்து, மாத்திரையை எண்ணி மேசையில் வைப்பார். நான் விழுங்குவேன். வாயைத் திறப்பேன். அவர் குனிந்து பார்ப்பார். அட்டையில் முழுப்பெயரையும் எழுதுவார். ஒரு நாளுக்கு ஒரு சிறு பெட்டிதான். இவருடைய பெயர் நாளை மறுநாள்வரை போகும். மாதக் கடைசியில் மிஸ் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

பேச வேண்டிய தேவை வந்தால் பூனையிடம் சொல்லுவார். ராத்தாவின் பூனை மேசைக்குக் கீழேதான் இருக்கும்.

"பூனே, நாக்கத் தூக்கச் சொல்லு."

நான் நாக்கைத் தூக்குவேன்.

"பூனே, தண்ணி பத்தா. இன்னும் குடிக்கச் சொல்லு."

மூன்றாம் நாள் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போனது. டொக்டர் முன்கூட்டியே சொன்னதுதான், ஆனால் நான் அப்போது படத்தில் இருந்த என் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மலசலகூடத்திலிருந்து கத்தினேன். ராத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னடா?" "ரெத்தம் ராத்தா! முடிஞ்சு!" வெளியே மச்சானின் குரல் கேட்டது, அவசரமே இல்லாமல்: "பூனே, அது மருந்துட நிறம். அட்டைட பின்பக்கத்த வாசிக்கச் சொல்லு."

நான்காம் கிழமை குமட்டல் தாங்காமல் ஒரு மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கினேன். மச்சான் பார்த்தார். உள்ளே போய் டோர்ச் எடுத்து வந்தார். சாதாரண டோர்ச் இல்லை. ஐந்து பற்றரி போடுகிற, வயலில் யானைக்கு அடிக்கிற டோர்ச். அன்றிலிருந்து தினமும் அந்த வெளிச்சம் என் வாய்க்குள் வந்தது. மாத்திரையை விழுங்காமல் இருக்கிற துணிச்சல் யானைக்கே இருந்திருக்காது.

மருந்து தொடங்கிய கிழமைகளில் நோய் விசாரிக்க ஊர் வந்தது. தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். எனக்குக் காத்துப் படக்கூடாது என்று யன்னலையெல்லாம் பூட்டிவிட்டு என்னைச் சுற்றி நெருக்கமாய் இருந்தார்கள். நான் குடித்த கோப்பையை மட்டும் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார்கள். என் தட்டில் ராத்தா வெள்ளைப் பெயின்றால் ஒரு பொட்டு வைத்தாள். பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு அலறினார். இது தட்டால் வருகிற நோய் இல்லை, காற்றால் வருகிறது, யன்னலைத் திறவுங்கள், மருந்து தொடங்கிக் கொஞ்ச நாள்வரை நெருங்கி இருக்காதீர்கள் என்றார். உங்கள் வீட்டிலும் இதே பிழை நடக்கும். முதலில் யன்னலைத் திறவுங்கள்.

யன்னல் திறந்தது. ஊர் வெளியே போனது. வீதியால் போகிறவர்கள் அந்தப் பக்கத்து மதிலோடு ஒட்டி நடந்தார்கள்.

நான் இதுவரை எத்தனையோ பேரை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அதைத் தனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மற்றவர்கள் என்னை விட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றில்லை. முன்னதில் நடப்பதற்கு என்னிடம் கால் இருந்தது. பின்னதில் ஒரு கட்டிலும் நாலு சுவரும் இருந்தன. இருமல் வரும்போது, இந்த உலகத்தில் இதை எனக்காக வேறு ஒருவர் இருமித் தர முடியாது என்று தோன்றும். அது உண்மைதான். இப்போதும் அதை மறுக்க மாட்டேன். அந்த நாட்களில் ஒரு மனித முகம் என் அருகே வந்தது காலை ஆறேகாலுக்கு மட்டும்தான். அந்த முகம் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, என் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துவிட்டுப் போனது.

இரண்டாம் மாதக் கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ராத்தா பொட்டு வைத்த தட்டை எடுக்கவில்லை. சஹன் வைத்தாள். விருந்துகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாய்க் கை வைத்து உண்கிற பெரிய தட்டு. அதில் நாங்கள் மூன்று பேர். மச்சான் எனக்கு எதிரே இருந்தார். தலை நிமிராமல், தன் பக்கத்தில் கிடந்த நல்ல இறைச்சித் துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தின்றேன். தின்றுவிட்டுப் பயந்தேன்.

நோய்க்கு அவ்வளவு பயந்ததில்லை. ஒருவர் என்னைத் தினமும் எதிர்பார்க்கிறார், நான் இல்லாவிட்டால் அட்டையில் அந்த நாளின் பெட்டி வெறுமையாய் இருக்கும் என்பது தாங்க முடியாததாய் இருந்தது. உடம்பும் தேறியிருந்தது. ஆறு கிலோ கூடியிருந்தேன். மாத்திரை நோயாளிக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த புதன் பின்னேரம், சவரம் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒலுவிலுக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலை துறைமுகத்திலிருந்து ஒரு படகு ஆழ்கடலுக்குப் போகிறது, திரும்பி வர மூன்று கிழமை ஆகும் என்று கோழி சொல்லியிருந்தான்.

காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிள் ஒன்று படகடிவரை வந்து நின்றது. மச்சான். சட்டைப் பையில் அட்டை, பேனை. கையில் தண்ணீர்ப் போத்தல், டோர்ச். நான் முதல் நாள் கிளினிக்கில் கொடுத்த பெயர்களை வீட்டில் பகிடியாய்ச் சொல்லியிருந்தேன். ராத்தா ஒன்றையும் மறக்கவில்லை. கோழிக்கு அழைப்பு எடுத்திருக்கிறாள். கோழி பொய் சொல்லத் தெரியாதவன்.

மச்சான் என்னைத் தாண்டி, படகோட்டியிடம் போனார்.

"தம்பி, இவருக்கிட்டச் சொல்லுங்க, வாயத் துறக்கச் சொல்லி."

"ஏன் காக்கா, நீங்களே சொல்லுங்களேன். கிட்டத்தானே நிக்காரு."

"நாங்க கதைக்கிற இல்ல."

"கதைக்காத ஆளுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"கதைக்கிற இல்ல. மருந்து குடுக்கிற."

"என்ன மருந்து?"

"டீபிக்கி."

படகில் நின்ற ஏழு பேரும் ஒரே அடியாய்ப் பின்னால் போனார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. இப்போது தொற்றாது, பரிசோதனையில் கிருமி இல்லை என்று நான் சொன்னது சரியான தகவல். ஆனால் அதைக் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. படகோட்டி மட்டும் தூரத்தில் நின்று, என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "நானா, வாயத் துறங்க. மனிசன் வெயிலுக்குள்ள நிக்காரு."

கடல், படகு, ஐஸ் பெட்டி, ஏழு மீன்காரர் பார்த்திருக்க, மூன்று மாத்திரையை விழுங்கினேன். நாக்கைத் தூக்கினேன். பட்டப்பகலில் அந்த டோர்ச் எரிந்தது. மச்சான் பார்த்தார், மணி பார்த்தார், மோட்டார் சைக்கிள் இருக்கையில் அட்டையை வைத்துப் பெயர் எழுதினார். பிறகு பின்னிருக்கையைக் கையால் தட்டித் தூசு துடைத்தார். ஏறச் சொல்ல அங்கே பூனை இல்லை. நானாகவே ஏறினேன்.

வழியில் நிந்தவூரில் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு தேத்தண்ணீர் சொன்னார். "மத்தவருக்குச் சீனி கூட" என்றார் கடைக்காரரிடம். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மீதி நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. மூட்டு வலித்தது, பசி எடுத்தது, பெட்டிகள் நிறைந்தன. காலம் எனக்கு முன்பு தூரமாகத்தான் இருந்தது: புத்தளம் வரை, தம்புள்ளை வரை. அந்த ஆறு மாதத்தில் அது ஆறேகால், ஆறேகால், ஆறேகால் என்று ஆனது. கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. டொக்டர் அட்டையை வாங்கி மூடினார். "சுகம். இப்ப யார் கூட வந்திருக்காங்க?" என்று கேட்டார். மச்சான் வெளியே மரத்தடி வாங்கில், எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் யன்னலால் அவரைக் காட்டினேன்.

மறுநாள் காலை என்னை யாரும் எழுப்பவில்லை. ஆறேகாலுக்கு மேசைக்கு முன்னால் போய் இருந்துவிட்டேன். மாத்திரை இல்லை, அட்டை இல்லை. வாய் தானாகத் திறந்தது. வெட்கப்பட்டு மூடப் போனேன், மச்சான் பள்ளியால் வந்துவிட்டார். அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் டோர்ச்சை எடுத்து வந்தார். குனிந்தார். நான் நாக்கைத் தூக்கினேன். வழமையைவிட நெடுநேரம் பார்த்தார். மேசைக்குக் கீழே பூனை இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"மச்சான்" என்றார், "இந்தக் கடவாப்பல்லு சொத்த. ஆறு மாசமாப் பாக்கன். புடுங்கோணும்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் எவ்வளவோ பதில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்திருந்தபடியால் "ஆ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

பல்லைப் பிடுங்கினேன். அந்தப் போகம் அறுவடைவரை இறக்காமத்தில் பரணில் இருந்தேன். அடுத்த வயலில் கூவினார்கள், நானும் கூவினேன். யானை வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன்.

இப்போது மறுபடியும் லொறியில்தான் திரிகிறேன், அதே சாரதியோடு. அவருக்கும் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் சத்தம் இல்லை. பல் போன இடத்துக்கு நாக்கு அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. எந்த ஊரில் இருந்தாலும், மணிக்கூடு பார்க்காமலே, ஆறேகாலுக்கு வாய் திறக்கிறது.

"ஆருக்குடா வாயக் காட்டுற?" என்று நேற்றுக் காலை ஹபரணைக்குக் கிட்டச் சாரதி கேட்டார்.

"மச்சானுக்கு" என்றேன்.

ஒலுவில் கதை அவருக்கும் தெரியும். பின்னால் மோட்டார் சைக்கிள் ஏதும் வருகிறதா என்று பக்கத்துக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.